யாருடைய முத்திரை? பச்சையும் மூக்குத்தியும் திருச்சபையும்

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்துச் சபையார் கூடிய அரங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். வாழ்த்துரைகளும் இடையில் வந்த கிளைக்கதைகள் சிலவும் குறைக்கப்பட்டுள்ளன.)



"திருச்சபையும் உடலும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அதைப் பேசப் புகுந்தால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஆகவே அதை ஊசி முனை அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். கிறிஸ்தவர்கள் பச்சை குத்திக்கொள்ளலாமா? காதும் மூக்கும் குத்திக்கொள்ளலாமா? இது சில்லறைக் கேள்வி என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வட்டாரத்துத் தெரு ஏதாவது ஒன்றில் நின்று பார்க்கலாம். மூக்குத்தி மின்ன ஓர் அம்மா போகிறார். காதில் பொட்டுத் தங்கம்கூட இல்லாத ஓர் அக்கா வெள்ளைச் சேலையில் போகிறார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிலுவையும் முள்முடியும் குத்திக்கொண்ட பையன் பைக்கில் போகிறான். மூவரும் மூன்று சபைகளுக்குப் போகிறார்கள். மூவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பச்சையையும் துளையையும் பற்றிக் கிறிஸ்தவர்கள் போட்ட சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால், அடியில் கிடப்பது இந்த உடலுக்கு எசமான் யார் என்ற வழக்கு. அந்த வழக்கை மறந்துவிட்டு ஊசியையும் மையையும் மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள், எந்தப் பக்கம் நின்று பேசினாலும், விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்.

1. வசனங்கள் சொல்வதும் சொல்லாததும்

பச்சைக்கு எதிரான பிரசங்கம் எல்லாம் லேவியராகமம் 19:28இல் தொடங்கும். செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளக் கூடாது, உடம்பில் எழுத்துக் குத்திக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கட்டளையின் சாரம். அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரங்களை ஒதுக்கக் கூடாது என்கிறது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு 28ஆம் வசனத்தை விளாசும் போதகர்களை நான் கேட்டிருக்கிறேன். 27 அவர்கள் கண்ணில் படுவதில்லை. கிண்டல் போகட்டும். அந்தக் கட்டளை வந்த சூழல் முக்கியம். இழவு வீட்டில் உடம்பைக் கீறிக்கொள்வது அண்டை நாட்டு வழக்கம். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் இரத்தம் வழியத் தங்களைக் கீறிக்கொண்டதை இராஜாக்களின் முதலாம் புத்தகம் 18ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். பாபிலோனியக் கோயில் அடிமைகளின் கையில் அந்தந்தக் கோயில் தெய்வத்தின் சின்னம் பொறிக்கப்பட்டது. எகிப்திலும் சிறைப்பட்டவர்களுக்குச் சூட்டுக்குறி இட்டார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த மக்களுக்கு, இனி உங்கள் உடம்பில் செத்தவர்களுக்கும் வேறு தெய்வங்களுக்கும் பாத்தியதை இல்லை என்று சொல்லும் கட்டளையாகவே இதை நான் வாசிக்கிறேன்.

அதே நியாயப்பிரமாணத்தில், யாத்திராகமம் 21இல், இன்னொரு காட்சி. எபிரெய அடிமை ஆறு வருடம் வேலை செய்தபின் ஏழாம் வருடம் விடுதலையாகலாம். போக மனமில்லை, எசமானை நேசிக்கிறேன் என்று அவனே சொன்னால், கதவுநிலைக்குக் கொண்டுபோய்க் கம்பியால் காதைக் குத்துவார்கள். அதன்பின் அவன் என்றைக்கும் அந்த வீட்டு ஆள். இங்கே துளை என்பது பத்திரத்தில் போடும் கையெழுத்து. ஆறு வருடம் முடிந்து, போகலாம் என்ற வாசல் திறந்திருக்கும்போதுதான் அந்தக் கையெழுத்துச் செல்லும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

அணிகலனைப் பற்றி வேதாகமம் ஒரே குரலில் பேசவில்லை. ஆபிரகாமின் வேலைக்காரன் ரெபெக்காளுக்கு மூக்குத்தி போட்டுவிடுகிறான். அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எசேக்கியேல் 16இல் எருசலேம் என்ற பெண்ணுக்கு மூக்குத்தியும் காதணியும் பூட்டி அழகு பார்ப்பவர் கடவுளே. ஆனால் அப்படிப்பட்ட காதணிகளைக் கழற்றி உருக்கித்தான் ஆரோன் கன்றுக்குட்டி செய்தான். ஏசாயா 3ஆம் அதிகாரம் சீயோன் குமாரத்திகளின் நகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பறித்துப் போடுகிறது. ஏழைகளின் முகத்தை நெரித்துச் சேர்த்த சொத்து என்ற குற்றச்சாட்டு அதற்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும், பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரமும் பொன்னையும் விலையேறிய உடையையும் சொல்கின்றன. மயிரைப் பின்னுவதையும் சேர்த்தே சொல்கின்றன. மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன சபை எதுவும் சடையை அவிழ்க்கச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. துளையைப் பற்றி அந்த இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தையும் இல்லை.

2. அடையாளமிட்ட பேரரசு

உரோமப் பேரரசில் பச்சை குத்துவது பெரும்பாலும் தண்டனை. ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைக்கும் சுரங்கத்துக்கு அனுப்பப்படும் கைதிக்கும் நெற்றியில் குத்தினார்கள். விசுவாசத்துக்காகச் சுரங்கத்துக்குப் போன கிறிஸ்தவர்களின் நெற்றியிலும் அது ஏறியது. 316இல் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார். முகம் வானுலக அழகின் சாயலில் அமைந்தது, ஆகவே முகத்தில் குத்தக் கூடாது. கையிலும் கெண்டைக்காலிலும் குத்தலாம் என்றது அந்தச் சட்டம். சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை மனிதநேய முன்னேற்றம் என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அவ்வளவு பாராட்ட மனம் வரவில்லை. நெற்றி கடவுளுக்கு, கை அரசாங்கத்துக்கு என்று செய்த பாகப்பிரிவினை அது. உழைக்கிற கை யாருக்குச் சொந்தம் என்பதில் கிறிஸ்தவப் பேரரசர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அகுஸ்தீன் இதே பழக்கத்தை எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். உரோமப் போர்வீரனுக்கு உடம்பில் படை அடையாளம் உண்டு. ஓடிப்போனவன் மனம் திரும்பி வந்தால் அவனுக்கு மறுபடியும் குத்துவதில்லை. பழைய அடையாளமே செல்லும். 400ஆம் ஆண்டை ஒட்டி வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினரோடு நடந்த சண்டையில், விலகிப்போய்த் திரும்புகிறவர்களுக்கு ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதற்கு அவர் இதைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார். ஞானஸ்நானம் அழியாத முத்திரை என்று நாம் இன்றைக்கும் சொல்வதன் பின்னால் ஒரு சிப்பாயின் பச்சை இருக்கிறது.

ஆனால் சாதாரண விசுவாசிகள் கண்ணுக்குத் தெரியாத முத்திரையோடு நிற்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் காசா ஊர்ப் புரோக்கோப்பியஸ், கிறிஸ்தவர்கள் பலர் மணிக்கட்டிலும் கையிலும் சிலுவையையோ கிறிஸ்துவின் பெயரையோ குத்திக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். 786இல் வட இங்கிலாந்துக்குப் போன போப்பாண்டவரின் தூதர்கள் அஞ்ஞான வழக்கமாகக் குத்திக்கொள்வதைக் கண்டித்தார்கள். கடவுளுக்காக அந்த வலியைத் தாங்கினால் பெரிய பலன் கிடைக்கும் என்றும் அதே அறிக்கையில் எழுதினார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் இன்றும் குழந்தைகளின் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னச் சிலுவை குத்துகிறார்கள். எருசலேம் பழைய நகரத்தில் யாப்பா வாசல் அருகே ராசூக் குடும்பம் யாத்திரிகர்களுக்குப் பச்சை குத்திவருகிறது. எழுநூறு ஆண்டுத் தொழில் என்பது அவர்கள் குடும்ப வழக்கு. ஒலிவ மரத்தில் செதுக்கிய பழைய அச்சுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

காப்டிக் பிள்ளையின் மணிக்கட்டுச் சிலுவையையும் நம் ஊர்ப் பையனின் முழங்கைச் சிலுவையையும் ஒன்றாகக் கருத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முன்னது சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகம் தன்னைத் தானே எழுதிக்கொள்வது. அதற்கு விலை உண்டு என்று தெரிந்தே எழுதுகிறார்கள்.

3. இராமானுசர் ஊரில் நின்று பேசும்போது

இந்த ஊரில் நின்றுகொண்டு உடம்பில் முத்திரை வாங்குவதைப் பற்றி வெளியூர்க் கதையாகப் பேசினால் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 1017இல் இராமானுசர் பிறந்த ஊர் இது. வைணவர்கள் ஆசாரியரிடம் பெறும் ஐந்து சம்ஸ்காரங்களில் முதலாவது, காய்ச்சிய சக்கரத்தையும் சங்கையும் வலது, இடது தோள்களில் ஒற்றிக்கொள்வது. நான் இன்னாருக்கு அடியவன் என்று உடம்பே சொல்லிவிடுகிறது. கதவுநிலையில் காது குத்தக் கொடுத்த எபிரெய அடிமைக்கு இந்தச் சடங்கு புரிந்திருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த மண்ணில் உடம்பின் அடையாளங்களோடு தொடக்கத்திலிருந்தே மல்லுக்கட்டியிருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவனாகிறவன் பூணூலையும் குடுமியையும் சந்தனப் பொட்டையும் விடத் தேவையில்லை என்றார். அவை குலத்தின் அடையாளங்கள், சமயத்தின் அடையாளங்கள் அல்ல என்பது அவர் வாதம். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் அவரைக் குடைந்தெடுத்தார்கள். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு 1703இல் புதுச்சேரிக்கு வந்த கர்தினால்... மன்னிக்கவும், அப்போது அவர் கர்தினால் ஆகவில்லை. போப்பின் தூதர் தூர்னோன், நெற்றியில் நீறு பூசுவதிலிருந்து தாலியில் பிள்ளையார் உருவம் வைப்பது வரை 1704இல் தடை செய்தார். அந்தச் சண்டை 1744 வரை நீண்டது. வீரமாமுனிவரின் வாழ்க்கையை 1822இல் தமிழில் எழுதிய முத்துசாமிப் பிள்ளை, அவர் காதில் முத்துக் கடுக்கன் போட்டிருந்ததாக வருணிக்கிறார். அந்த வருணனையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு அலங்காரம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தன் குருவைக் கடுக்கனோடு பார்ப்பதில் உறுத்தல் இருக்கவில்லை, அதுதான் எனக்கு முக்கியம்.

வேளாங்கண்ணியில் மொட்டை அடித்துக் காது குத்துவது இன்றைக்கும் நடக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழ, காது குத்துகிற ஆசாரி வேலையை முடித்துவிட, கறிச்சோறு ஆகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் யாரும் இதற்கு வசனம் தேடுவதில்லை.

4. கழற்றச் சொல்கிறவர், போட விடாதவர்

இனி நொபிலியைப் பற்றி ஒரு கசப்பான கேள்வி. பூணூலும் சந்தனமும் யாருடைய அடையாளங்கள்? மேல்சாதியாருடையவை. கிறிஸ்தவத்துக்குள் வந்தபின்னும் உடம்பில் சாதியை எழுதிக்கொண்டு இருக்கலாம் என்ற உரிமையைத்தான் 1623ஆம் ஆண்டுத் தீர்ப்பு கொடுத்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளோடு மோதியபோதும் இதே சிக்கல். திருமண நாளில் பூச்சூடக் கூடாது என்றதை எதிர்த்தார், அது நியாயம். கூடவே சாதி வித்தியாசத்தைச் சபையில் ஒழிப்பதையும் எதிர்த்தார். பண்பாட்டின் பெயரால் உடம்பைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் பல நேரங்களில் சாதியையும் சேர்த்துக் காப்பாற்றினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் வேறொரு வரலாறு இருக்கிறது. அதைச் சபை மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தம்முடைய புத்தகத்தில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். முதல் தடை, பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூச்சூடவும் கூடாது என்று பட்டியல் போகிறது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் அரசாணை வந்தது. யார் காதில் பொன் தொங்கலாம், யார் காதில் பனையோலை மட்டும் தொங்கலாம் என்று ஊர் தீர்மானித்த நாடு இது.

இந்த வட்டாரம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாவின் பறையர் நிலைமையைப் பற்றி எழுதிய குறிப்பும், அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் நின்று கத்தியவர்களில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இருந்தார்கள். இங்குள்ள பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பல அந்த மக்களின் வழிவந்தவை. அப்படி ஒரு குடும்பத்துப் பாட்டி காதில் போட்டிருக்கும் கால் பவுன் தோட்டை நான் ஆடம்பரம் என்று சொல்லத் துணிய மாட்டேன். அவருடைய பாட்டிக்கு அதைப் போட ஊர் விட்டிருக்காது. பேதுரு அந்த நிருபத்தை எழுதும்போது அவர் கண்முன் இருந்தவர்களில் நகையைக் காட்டி மற்றவர்களைச் சிறுமைப்படுத்தக் கூடியவர்களும் இருந்தார்கள். அந்த வசனத்தைக் கொண்டுவந்து, நகை போடத் தடை செய்யப்பட்டவர்களின் பேத்தியிடம் கழற்று என்றால், வசனம் அதேதான்; ஆனால் அதன் வாயிலிருந்து வருவது ஊர்ப் பெரியதனக்காரரின் குரல்.

நகை போடாத சபைகளுக்கு நான் அநியாயம் செய்ய விரும்பவில்லை. 1924இல் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன், இப்போது பெந்தெகொஸ்தே மிஷன், இங்கிருந்து சிறிது தூரத்தில் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. வெள்ளை உடை, வெறுங்காது, வெறுங்கழுத்து. அந்தச் சபைக்குள் நுழையும் ஏழைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பணக்காரியிடமும் நகை இல்லை. அடகுக் கடை வட்டி இல்லை, பண்டிகைக்கு இரவல் சங்கிலி கேட்டு அலைய வேண்டியதில்லை, நகைக்காகப் பெண்ணை அடிக்கும் மாமியாருக்கு வேலையில்லை. இது சாதாரண விடுதலை அல்ல. நகையே வேண்டாம், அதற்குரிய ரொக்கத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று பரிசுத்தமாகக் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சபைகளிலும் உண்டு என்பது வேறு விஷயம்.

ஆகவே நான் கேட்பது, கழற்றினாரா போட்டிருக்கிறாரா என்று அல்ல. தானாகக் கழற்றினாரா? கழற்றாவிட்டால் ஞானஸ்நானம் கிடையாது என்றார்களா? யாத்திராகமத்து அடிமைக்கு இருந்த ஏழாம் வருட வாசல் இந்தப் பெண்ணுக்கு இருந்ததா? கணவன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றச் சொல்லி, அதனால் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் படும் பாட்டைச் சபை ஏற்றுக்கொள்கிறதா, அல்லது அவள் தலையிலேயே விட்டுவிடுகிறதா?

5. தொழிற்சாலை வாசல்

இப்போது இந்த வட்டாரத்தில் மிகக் கண்டிப்பான நகைச் சட்டம் எந்தச் சபையிடம் இருக்கிறது என்று கேட்டால், சபையிடம் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததில் தொடங்கி, ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் என்று வரிசை கட்டி நிற்கும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பிரஸ் ஷாப்பில் மோதிரமும் கைச்சங்கிலியும் மாட்டிக்கொண்டால் விரல் போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் லைனில் உலோகம் பட்டால் கண்ணாடியில் கீறல் விழும். நிலைமின்சாரத் தொல்லையும் உண்டு. இந்தக் காரணங்கள் உண்மையானவை. யாரும் மறுக்கவில்லை.

அந்த ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று அருகே போய்ப் பாருங்கள். தோட்டைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்கிறார்கள். மூக்குத்தித் திருகாணி சீக்கிரம் கழலாது என்பதால் சிலர் மேலே சதைநிற டேப் ஒட்டிப் பார்க்கிறார்கள். விடாவிட்டால் கழற்றியே ஆக வேண்டும். மூக்குத் துளை சில வாரத்தில் தூர்ந்துவிடும். அது தூராமல் இருக்க விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, அரை நெல் நீளத்துக்கு ஒடித்துச் செருகிக்கொண்டு, முகக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு லைனில் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் வறுமையில் செய்த காரியத்தைப் பேத்திமார் சம்பளத்துக்காகச் செய்கிறார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெந்தெகொஸ்தேப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். வெறுங்காது. "சபையில கழட்டச் சொன்னப்போ அம்மா ரெண்டு நாள் சாப்பிடல ஐயா. கம்பெனியில சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். நான் ஒரு மணி நேரம் பேசுவதை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. இங்குள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்றது அந்தச் செய்தி. சொல்லப்பட்ட காரணங்களில் குடும்பப் பொறுப்போடு தாலியும் மெட்டியும் இருந்தன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உலோகம் கூடாது என்ற பாதுகாப்பு விதி ஆண், பெண், மதம் பாராமல் எல்லாருக்கும் பொது என்று அரசுக்குத் தெரிவித்ததாகவும், புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் திருமணமானவர்கள் என்று சொன்னதாகவும் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.  அந்த விவகாரத்தில் யார் பக்கம் எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கும் அடையாளம் அவளுக்கு வேலை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் விவாதம் நம் வீட்டு வாசலில் நடந்தபோது, நகையைப் பற்றி வாராவாரம் பிரசங்கம் செய்த மேடைகளிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்து மிருகத்தின் முத்திரையை வைத்து நம் ஊரில் எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறார்கள்! பார்கோடு வந்தபோது அது என்றார்கள், ஆதார் வந்தபோது அது என்றார்கள். அந்த அதிகாரம் முத்திரையை எதோடு கட்டுகிறது என்று பாருங்கள். வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது. அதாவது, பிழைக்க முடியாது. அடுத்த அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவரின் ஆட்களுக்கும் நெற்றியில் பெயர் எழுதியிருக்கிறது; அதைக் கொண்டு யாருடைய பிழைப்பும் மறிக்கப்படவில்லை. யோவான் இரண்டு முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததன் காரணம் இதுவாகவே எனக்குப் படுகிறது.

6. பச்சைக் கடைக்குப் போகும் தம்பிக்கு

இதுவரை துளையைப் பற்றியே அதிகம் பேசிவிட்டேன்; தமிழ் நாட்டுச் சபைகளில் சண்டை அங்கேதான் அதிகம். பச்சை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் பாட்டிகளின் முன்கையில் இருந்த கோலத்தைக் குறத்தி வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டுப் போனாள். அது ஒரு காலம். இன்று இந்த நெடுஞ்சாலையில் ஹாஸ்டல்கள் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு டாட்டூக் கடை இருக்கிறது. முதல் சம்பளத்தில் முதலில் செல்போன், அடுத்தது பச்சை. இயேசுவின் முகம், "அம்மா", காதலியின் பெயர், சிங்கம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளில் சிலரின் வீட்டில் பாட்டிமாருக்கு நெற்றியிலேயே பச்சை உண்டு. அவர்களோடு பேசினால் நமக்குத்தான் புதிதாகப் படிக்கக் கிடைக்கும். நாகாலாந்தின் கொன்யாக் மக்களிடம், எதிரியின் தலையை எடுத்த வீரனுக்கு முகத்தில் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. சபை வந்ததும் அந்தப் பச்சை போனது. கொலையோடு கட்டுண்ட அடையாளம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் கொலையை விட்டுவிட்டுக் கோலத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வதிலும் ஆட்சேபணை இல்லை.

இயேசுவின் முகத்தைக் குத்திக்கொண்டவன் குத்திக்கொள்ளாதவனைவிடப் பக்தன் அல்ல. பவுல் தன் உடம்பில் இயேசுவின் அடையாளங்கள் இருப்பதாகக் கலாத்தியருக்கு எழுதியது சாட்டையடியின் தழும்புகளைப் பற்றி. அதை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதே நேரம், பச்சை குத்தியவனைத் திருவிருந்துக்கு வராதே என்று நிறுத்துகிற அதிகாரம் எந்த வசனத்திலும் இல்லை. திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பையன் கையை நீட்டினால், சட்டையை இறக்கிவிட்டுக்கொள் என்று சொல்வதைவிட, யாருக்காகக் குத்தினாய் என்று கேளுங்கள். நண்பர்கள் வற்புறுத்தியதா, செத்துப்போன தகப்பனுக்காகவா, ஒரு பெண்ணைப் பயமுறுத்தவா? அதற்கு அவன் சொல்லும் பதிலில்தான் ஆயருக்கு வேலை இருக்கிறது.

மற்றபடி, நடைமுறை யோசனைகள். ஊசியைக் கண்முன் புதிய பொட்டலத்திலிருந்து பிரித்து எடுக்கிறார்களா, மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா, கையுறை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த வழியில் வரக்கூடியவை. பச்சையோ துளையோ குத்திய பின் 12 மாதத்துக்கு இரத்ததானம் செய்ய முடியாது என்று 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நம் சபைகள் நடத்தும் இரத்ததான முகாமில் இளைஞர்கள் பாதிப் பேர் இதனால் திரும்பிப் போகிற நாள் வரலாம். இராணுவத்துக்குப் போக நினைக்கிறவர்கள், முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதை ஊசி ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்; பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

கடைசியாக, ஞானஸ்நானத்துக்கு வருகிறவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் பச்சை. எழுபதுகளில் கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். சொன்னார், கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது, குத்திக்கொண்டவர்களும் ஏராளம். அந்தக் கையோடு சபைக்கு வருகிற பெரியவர் இன்னும் இருக்கலாம். சாமி பெயரோடு வருகிறவர் இருக்கலாம், விட்டுப்போன கணவனின் பெயரோடு வருகிற பெண் இருக்கலாம், சாதிப் பெயரோடு வருகிற இளைஞன் இருக்கலாம். அழித்துவிட்டு வா என்று சொல்லாதீர்கள். லேசரில் அழிக்கப் பல தடவை போக வேண்டும், செலவு அதிகம், முழுக்கப் போகும் என்ற உத்தரவாதமும் கிடையாது. தண்ணீரில் இறங்க அந்தக் கையோடு வரட்டும். சாதிப் பெயர் குத்தியவரிடம் மட்டும், அதை இனி முழுக்கை சட்டையால் மூடுவதா, அதன்மேல் வேறொன்று குத்திக்கொள்வதா என்று உட்கார்ந்து பேசுங்கள். அதற்கான செலவைச் சபை ஏற்கட்டும்.